பிள்ளையின் படிப்பு ஓரிடத்தில் நின்றுவிட்டதா? ஆரம்பப் பிரிவுப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாகக் கடமையாற்றி ஓய்வு பெற்றுவிட்டேன் என்றாலும், தவணை முடிந்து தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வரும் நாட்களில் ஒரு தாயோ தகப்பனோ அம்மம்மாவோ என் படலையைத் திறந்துகொண்டு வருவது இன்னும் நிற்கவில்லை. அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகளாகவே இருப்பதால், அவற்றையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டாம் வகுப்புவரை நன்றாகப் படித்த பிள்ளை மூன்றாம் வகுப்பில் ஏன் அப்படியே நின்றுவிட்டான்?

வேறெந்தக் கேள்வியையும்விட இதுவே அதிகமாக வருகிறது. நமது ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: தரம் 1, 2 முதலாவது நிலை, தரம் 3, 4 இரண்டாவது, தரம் 5 மூன்றாவது. முதல் நிலையில் விளையாட்டும் செயற்பாடும் கூடுதலாகவும், மேசையில் இருந்து எழுதுவது குறைவாகவும் இருக்கும். மூன்றாம் வகுப்புக்கு வந்ததும் பந்திகள் நீளுகின்றன. சமயத்தையும் சுற்றாடலையும்கூட வாசித்தே அறிய வேண்டியிருக்கிறது. கணக்கு வசனமாக வருகிறது. அதுவரை வாசிக்கத் தெரியாமலே வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை இங்கேதான் அகப்பட்டுக்கொள்கிறான்.

வாசிக்கத் தெரியாமல் எப்படி வாசிக்கலாம் என்று கேட்பீர்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தாய் என்னிடம் அழைத்து வந்தபோது, தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பாடத்தைத் தடங்கல் இல்லாமல் முழுவதும் வாசித்துக் காட்டினான். வாசிப்பு நல்லது, எழுத்தில்தான் குறை என்பது தாயின் எண்ணம். மறுபடியும் வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைக்கும்படி கேட்டேன். வாய் வரியின் கடைசிக்குப் போய்விட்டது, விரல் மூன்றாவது சொல்லில் நின்றது. பின்பு விரல் ஒரே பாய்ச்சலில் அடுத்த வரிக்கு வந்தது. நான் பக்கத்தை என் கையால் மறைத்தேன். அவன் அதைப் பொருட்படுத்தாமல் இன்னும் இரண்டு வரிகளை "வாசித்தான்". அந்தப் பாடத்தில் நான்கு தடவை வந்திருந்த "வயல்" என்ற சொல்லை ஒரு கடதாசியில் எழுதிக் காட்டியபோது, சற்று நேரம் பார்த்துவிட்டு "மாடு" என்றான். புத்தகத்தில் அந்த இடத்தில் மாட்டின் படம் இருந்தது.

அக்கா படிக்கும்போது பக்கத்தில் இருந்து கேட்டே பாடம் முழுவதையும் அவன் மனனம் செய்திருந்தான். அவனை மந்தமான பிள்ளை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஞாபகசக்தி எனக்குக் கிடையாது. ஆனால் அவன் நின்றது மூன்றாம் வகுப்பில் அன்று. முதலாம் வகுப்பில், எழுத்துகளைக் கூட்டத் தொடங்கும் கட்டத்திலேயே நின்றுவிட்டான். நல்ல ஞாபகம் அதை இரண்டு வருடம் மூடி வைத்திருந்தது. படிப்பு நின்றது என்று பெற்றோருக்குத் தெரியவரும் இடமும், உண்மையில் நின்ற இடமும் அநேகமாக ஒன்றாக இருப்பதில்லை.

புள்ளி குறைந்தால் படிப்புக் குறைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. முதலாம் தவணை வினாத்தாளும் இரண்டாம் தவணை வினாத்தாளும் வேறு. வகுப்பாசிரியர் இடையில் மாறியிருக்கலாம். பரீட்சை நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்திருக்கலாம். 68 என்ற புள்ளி 61 ஆனதைப் பார்த்து வீட்டைத் தலைகீழாக்க வேண்டியதில்லை. அதேபோல 75 என்ற புள்ளி மாறாமல் நிற்பதால் எல்லாம் சரி என்றும் ஆகாது.

நான் பெற்றோரிடம் அறிக்கையைக் கேட்பதில்லை, கொப்பியைத்தான் கேட்பேன். தை மாதத்தில் எழுதிய ஒரு பக்கத்தையும் ஆடி மாதத்தில் எழுதிய ஒரு பக்கத்தையும் அருகருகே விரித்துப் பாருங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதியவற்றை ஒதுக்கிவிட்டு, பிள்ளை தானாக எழுதிய வசனங்களை மட்டும் பாருங்கள். வசனம் நீண்டிருக்கிறதா, தை மாதத்துப் பிழை ஆடியிலும் அப்படியே இருக்கிறதா, புதிதாக ஒரு சொல்லையாவது துணிந்து எழுதியிருக்கிறானா என்று கவனித்தால், பத்து நிமிடத்தில் உங்களுக்கே விளங்கிவிடும். புதிய பிழைகள் வந்திருந்தால் நான் மகிழ்ச்சியடைவேன், ஏனென்றால் தெரியாத சொல்லைத் தொடும் பிள்ளைக்குத்தான் புதிய பிழை வரும்.

வாசிப்பில் எந்த இடத்தில் தடை என்பதை வீட்டில் எப்படிக் கண்டுபிடிக்கலாம்?

பாடப்புத்தகத்தை மூடிவிடுங்கள். அதில் உள்ளதைப் பிள்ளை ஏற்கெனவே கேட்டிருப்பான். மளிகைச் சாமான் துண்டு, பஸ்ஸின் பெயர்ப்பலகை, பத்திரிகைத் தலைப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று முன்பு காணாத எதையாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தடக்குப்படும் ஒவ்வொரு சொல்லையும் சத்தமில்லாமல் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால், ஐந்தாறு நாட்களில் அந்தத் தாளில் ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

தமிழில் எழுத்துகள் 247 என்று பயப்பட வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்பதுதான் கணக்கு. உயிர்மெய்யின் குறிகள் பிடிபட்டால் பெரும்பகுதி தானாக வந்துவிடும். பிடிபடாவிட்டால் பெரும்பகுதி தானாக நின்றுவிடும். எனது அனுபவத்தில் பிள்ளைகள் அதிகம் தடக்குப்படுவது கொம்பு வரும் எழுத்துகளில். "கெ" என்பதில் கொம்பை முதலில் காண்கிறான், ஆனால் க் என்ற ஒலியை முதலில் சொல்ல வேண்டும். "கொ" இன்னும் சிக்கலானது. முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் அரவு, நடுவில் ககரம். அரவை மட்டும் கண்ட பிள்ளை அதைக் "கா" என்றும், கொம்பை மட்டும் கண்ட பிள்ளை "கெ" என்றும் வாசிப்பான். "கொடி"யைக் "கோடி" என்று வாசிக்கும் பிள்ளை ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. "பட்டம்" என்பதைப் "படம்" என்று வாசிப்பவன் மெய்யெழுத்தின் மேலுள்ள குற்றைக் (புள்ளியை) கவனிப்பதில்லை. இவை மூன்றும் மூன்று வேறு தடைகள். "இவனுக்குத் தமிழ் வராது" என்று ஒரே வசனத்தில் சொல்லிவிட்டால் மூன்றில் ஒன்றுக்கும் மருந்து கிடைக்காது.

பேச்சும் எழுத்தும் வேறாக இருப்பதும் ஒரு காரணம். வீட்டில் "நான் வாறன்" என்று சொல்லும் பிள்ளை புத்தகத்தில் "நான் வருகிறேன்" என்று காண்கிறான். "வருகிறேன்" என்ற சொல்லை அவன் காதால் கேட்டிராவிட்டால், எழுத்துகளைச் சரியாகக் கூட்டிய பின்னரும் அது சொல்லாக மனத்தில் ஒட்டாது. இதற்குப் பிள்ளையின் பேச்சைத் திருத்துவது வழியாகாது. அவனுக்குக் கதைப் புத்தகத்தை நீங்கள் உரத்து வாசித்துக் காட்ட வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. ஊர் நூலகங்கள் பலவற்றிலும் சிறுவர் நூல்கள் உண்டு.

கணக்கில் மட்டும் பின்தங்குகிறான். வாய்ப்பாடு பாடமாக்கச் சொல்லலாமா?

வாய்ப்பாடு பின்னர் வரட்டும். முதலில் 402 இலிருந்து 178 ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். 224 என்று வந்தால் நல்லது. 376 என்று வந்தால், ஒவ்வொரு நிரலிலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்துக்கொண்டு போயிருக்கிறான். நூறு, பத்து, ஒன்று என்ற இடப்பெறுமானம் அவனுக்கு விளங்கவில்லை. அடுத்து "நூற்றைந்து" என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். 1005 என்று எழுதினால், நூறையும் ஐந்தையும் கேட்டபடியே பக்கம் பக்கமாக வைத்திருக்கிறான் என்று பொருள்.

நமது எண்பெயர்களிலும் ஒரு குறும்பு உண்டு. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பதுவரை "பது" என்று முடிந்துகொண்டு வந்து, அடுத்து வருவது தொண்ணூறு. அதில் நூறு என்ற ஒலி கேட்கிறது, ஆனால் பெறுமதி 90. அவ்வாறே எண்ணூறுக்குப் பின் வரும் தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது, பெறுமதி 900. பெரியவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை. சொல்வதைக் கேட்டு எண் எழுதும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இது கல் தடக்கியதுபோல இருக்கும்.

இதற்கு நான் பயன்படுத்தியது விளக்குமாற்று ஈர்க்கு. பத்து ஈர்க்கை ஒரு கட்டாகவும், பத்துக் கட்டை ஒரு பெரிய கட்டாகவும் இறப்பர் பட்டியால் கட்டி வைத்துவிட்டு, 402 ஐ எடுத்து வரச் சொன்னால் நான்கு பெரிய கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் வரும். அதிலிருந்து எட்டு ஈர்க்குத் தா என்றால் தனியாக இரண்டுதான் இருக்கிறது. பெரிய கட்டை அவிழ்க்காமல் தர முடியாது என்பதை அவனே கண்டுகொள்வான். அவிழ்க்கும் சத்தத்துடன்தான் பல பிள்ளைகளுக்குக் கழித்தல் விளங்கியது.

வகுப்பாசிரியரைச் சந்திக்கும்போது என்ன கேட்பது?

"ரீச்சர், என்ரை பிள்ளை எப்பிடிப் படிக்கிறான்?" என்று கேட்டால், "பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் கவனம் எடுக்கோணும்" என்ற பதில்தான் கிடைக்கும். கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் பொதுவாகவே இருக்கும். இதில் ஆசிரியரைக் குறை சொல்ல இடமில்லை.

நீங்கள் குறித்துவைத்த தாளை எடுத்துச் செல்லுங்கள். "கொம்பு வரும் எழுத்துகளில் தடக்குப்படுகிறான், வகுப்பிலும் அப்படியா?" என்று கேளுங்கள். ஆரம்பப் பிரிவில் ஒவ்வொரு முதன்மை நிலைக்கும் பிள்ளை அடைய வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் எவற்றைப் பிள்ளை இன்னும் அடையவில்லை என்று கேட்பது உங்கள் உரிமை. முற்பதிவு செய்துகொண்டு, பாடசாலை விட்ட பின் ஆறுதலாகச் சந்திக்க வேண்டும். காலையில் வாசலில் மறித்துக் கேட்பதும், பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவனது குறைகளை அடுக்குவதும் வேண்டாம்.

கண், காது முதலியவற்றைப் பார்க்க வேண்டுமா? பாடசாலையில் மருத்துவப் பரிசோதனை நடக்கிறதே?

நடக்கிறது. ஆனால் பெரிய பாடசாலைகளில் அது தரம் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புப் பிள்ளைகளுக்கே வழக்கமாக நடைபெறுகிறது. தரம் ஒன்றில் சரியாக இருந்த பார்வை தரம் இரண்டில் மங்கத் தொடங்கினால், தரம் நான்குவரை யாருக்கும் தெரியாமல் போகலாம். பிள்ளை இதை முறையிட மாட்டான், எல்லோருக்கும் கரும்பலகை அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வான்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். கரும்பலகையைப் பார்த்து எழுதிய பக்கத்தில் பிழைகள் நிறைந்தும், புத்தகத்தைப் பார்த்து எழுதிய பக்கத்தில் பிழை இல்லாமலும் இருந்தால், முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். சொல்வதெழுதலில் மட்டும் பிழை கூடினால், அல்லது தொலைக்காட்சிச் சத்தத்தை அடிக்கடி கூட்டினால், அல்லது அடிக்கடி காதில் சீழ் வந்த பிள்ளையாக இருந்தால், காதைப் பரிசோதியுங்கள். களைப்பும் வெளிறிய முகமும் வகுப்பில் தூங்கி விழுதலும் இருந்தால் இரும்புச் சத்துக் குறைபாடு இருக்கலாம். குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ காட்டினால் வழி சொல்வார்கள். காலையில் வெறும் தேநீருடன் அனுப்பப்படும் பிள்ளைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

மூன்றாம் வகுப்பிலேயே ரியூசன் அனுப்பினால் சரிவருமா?

நாற்பது பிள்ளைகளை ஒரு கொட்டகையில் இருத்தி வினாத்தாள் செய்விக்கும் வகுப்புக்கு, கொம்பு தெரியாத பிள்ளையை அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தடை எங்கே என்று அறியாமல் அனுப்பினால், பாடசாலையில் விளங்காதது மாலையிலும் ஒருமுறை விளங்காமல் போகும். அதற்குக் காசும் கட்ட வேண்டும், விளையாடும் நேரமும் போய்விடும். தடையைக் கண்டறிந்து, அதை மட்டும் எடுத்து நான்கைந்து பிள்ளைகளுடன் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் ஊரில் கிடைத்தால், தாராளமாக அனுப்புங்கள்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறதே?

அந்தப் பரீட்சையில் இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டமும், மொழிமூலத்துக்கு ஏற்பவும் மாறும். பிரபல பாடசாலையில் ஆறாம் வகுப்பு அனுமதிக்கும், வசதி குறைந்த பிள்ளைகளுக்கான உதவிப்பணத்துக்கும் தெரிவு செய்வதற்காக நடத்தப்படுவது அது. வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு மறுக்கப்படுவதில்லை. ஆயினும் நம்மூரில் "பாஸா, பெயிலா" என்றே கேட்கிறார்கள். மேலே வந்த பிள்ளைகளின் படங்கள் மதிலில் தொங்கும் ஒரு மாத காலம், மற்றப் பிள்ளைகள் அந்த மதிலைக் கடந்துதான் பாடசாலைக்குப் போகிறார்கள்.

வாசிப்பில் தடையுள்ள பிள்ளைக்கு, நான்காம் வகுப்பில் கடந்தகால வினாத்தாள் ஐம்பது செய்விப்பதைவிட அந்தத் தடையை நீக்குவதே இந்தப் பரீட்சைக்கும் நல்ல ஆயத்தம். வினாவை வாசித்து விளங்காமல் விடை எழுதும் வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

ஒரு வருடம் அதே வகுப்பில் விட்டால் என்ன?

ஆரம்பப் பிரிவில் பொதுவாகப் பிள்ளைகளை மறுவகுப்பில் நிறுத்துவதில்லை. நிறுத்தினாலும், விளங்காத அதே பாடம் அதே விதமாக இன்னொரு முறை நடக்கும். நண்பர்கள் மட்டும் மேலே போய்விடுவார்கள்.

அடித்தால்தான் படிப்பான் என்கிறார்கள்.

பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கக் கல்வி அமைச்சுச் சுற்றறிக்கையினால் தடைசெய்யப்பட்டது. பிள்ளை துன்புறுத்தப்பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். வீட்டில் விழும் அடியைப் பற்றி ஒன்று சொல்கிறேன்: அடி விழும் வீட்டுப் பிள்ளை தெரியாததை மறைக்கப் பழகுகிறான். மேலே சொன்ன பையன் மனனம் செய்ததும் அதற்காகத்தான்.

தகப்பன் வெளிநாட்டில், நானும் வேலைக்குப் போகிறேன், அம்மம்மாதான் பார்க்கிறா. எங்களால் என்ன செய்ய முடியும்?

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். பிள்ளை வாசிக்க, அம்மம்மா பாக்குச் சீவிக்கொண்டே கேட்கலாம், பிழை திருத்த வேண்டியதுகூட இல்லை, "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டால் போதும். தகப்பன் வீடியோவில் எடுக்கும்போது முதல் கேள்வியாக "எத்தனை புள்ளி?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டச் சொல்லலாம்.

இன்னொன்று. இன்றைய பெற்றோர் பலர் 1995 ஒக்ரோபரில் போரினால் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது பிள்ளைகளாக இருந்தவர்கள். மரத்தடியிலும் கொட்டகையிலும் படிப்பை விட்டு விட்டுத் தொடர்ந்தவர்கள். "எனக்கே சரியாக வாசிக்க வராது ரீச்சர்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்ன தகப்பன்மாரைக் கண்டிருக்கிறேன். அவர்கள் பிள்ளையுடன் சேர்ந்து வாசிக்கலாம். அப்பாவும் தடக்குப்படுகிறார் என்று கண்ட பிள்ளைக்குப் பயம் பாதி குறைந்துவிடும்.

எல்லாம் செய்து பார்த்தும் முன்னேற்றம் இல்லை. இது நோயா?

எழுத்துகளைத் திரும்பத் திரும்பக் கற்பித்த பின்னரும் ஒலியுடன் சேர்க்க முடியாமல், மற்ற விடயங்களில் கெட்டிக்காரராக இருக்கும் பிள்ளைகள் உள்ளனர். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்பாடு அவர்களுக்கு இருக்கலாம். அது சோம்பலாலோ வளர்ப்பாலோ வருவதில்லை. புத்திக் குறைவும் அன்று. அதை அயலவரோ நானோ முடிவு செய்யக்கூடாது, சிறுவர் மருத்துவ நிபுணரிடம் காட்ட வேண்டும். சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் இயங்குகின்றன. "ஊர் என்ன சொல்லும்" என்று தள்ளிப்போடும் பெற்றோரிடம் நான் கடுமையாகவே பேசியிருக்கிறேன். ஆறு வயதில் தொடங்கும் உதவிக்கும் பத்து வயதில் தொடங்கும் உதவிக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

எவ்வளவு காலம் பொறுப்பது?

ஒரு தவணை. தொடங்கும் நாளில் பிள்ளை காணாத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, தடக்கிய சொற்களைக் குறித்து, திகதியிட்டு, அந்தப் பக்கத்தை அலுமாரியில் வைத்துவிடுங்கள். தவணை முடிவில் அதே பக்கத்தை எடுத்து மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். முப்பது சொல்லில் தடக்கியவன் பன்னிரண்டில் தடக்கினால், அறிக்கையில் புள்ளி ஏறாவிட்டாலும் அவன் நகர்ந்துவிட்டான். முப்பதும் முப்பதாகவே இருந்தால் அதிபருடன் பேசுங்கள். அதன் பின்னரும் வழி கிடைக்காவிட்டால் உங்கள் வலயக் கல்விப் பணிமனையின் ஆரம்பப் பிரிவுக்குப் போகலாம். யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து வலயங்கள் நம் மாவட்டத்தில் உள்ளன. போகும்போது தேர்ச்சி அறிக்கையுடன், திகதியிட்ட அந்தப் பக்கத்தையும் மறக்காமல் கையில் கொண்டு போங்கள்.